வாரியத்தில் யாராவது எடுக்கிற ஒரே போன்

ஒரு போன் நம்பரை மாற்ற எவ்வளவு நேரமாகும் என்று கேட்கிறவர் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம். பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். நம்பரை எதற்கு மாற்ற வேண்டும் என்றுதான் கேட்பார்கள்.

வாரியத்தின் இணையதளத்தைச் செய்துகொடுக்க ஒப்பந்தத்தில் வந்தவனுக்கு அங்கே வைத்த பெயர் வெப்சைட். "வெப்சைட்டைக் கூப்பிடுங்க", "வெப்சைட் இன்னிக்கு லீவா?" என்றுதான் எல்லா மாடிகளிலும் பேச்சு. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது, அதுவும் தப்பாக. திருத்தச் சொல்லிக் கேட்டுப் பார்த்து விட்டுவிட்டான். சம்பளம் சரியாக வந்தால் போதும் என்கிற வயதுக்கு அவன் வந்துவிட்டிருந்தான்.

வாரியம் வாங்கியிருந்தது ஒரு சி.எம்.எஸ். நிரல் எழுதத் தெரியாதவர்களும் இணையதளத்தில் தாங்களே செய்தி போடலாம், திருத்தலாம், அதற்கான மென்பொருள். மற்ற இடங்களில் அதற்கு அதுதான் வேலை. வாரியத்திலோ, நிரல் தெரிந்தவனும் எதையும் திருத்த முடியாதபடி அதை அமைக்கச் சொன்னார்கள். எழுதுபவர், சரிபார்ப்பவர், வெளியிடுபவர் என்று மூன்று படி இருந்தால் போதும் என்று வெப்சைட் சொன்னபோது நிர்வாக அதிகாரிக்கு முகம் சுருங்கியது. அப்படியென்றால் எங்கள் பிரிவு எதற்கு இருக்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொன்னால் வேலை போய்விடும் என்பதால் வெப்சைட் படிகளைக் கூட்டிக் கொடுத்தான். எழுதியவர், பார்த்தவர், பார்த்ததைப் பார்த்தவர், ஆட்சேபம் இல்லாதவர், ஆட்சேபம் இல்லை என்பதைக் குறித்துக்கொண்டவர் என்று படி ஏறிக்கொண்டே போயிற்று. ஒவ்வொருவருக்கும் திரையில் ஒரு பொத்தான். 'ஆட்சேபம் இல்லை' பொத்தானைப் பச்சை நிறத்தில் வைத்தால் சம்மதம் என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்கள் என்று அதற்காகத் தனியாக ஒரு கூட்டம் போட்டார்கள். கடைசியில் சாம்பல் நிறம் என்று முடிவாயிற்று.

அடுத்தது பாதுகாப்பு. வெளியாள் யாராவது உள்ளே புகுந்து வாரியத்தின் புகார் எண்ணை மாற்றிவிட்டால் என்ன கதி என்று பாதுகாப்பு அதிகாரி தூக்கமில்லாமல் தவித்தார். ஆகவே ஓர் ஏற்பாடு. புகார் எண்ணை யார் மாற்றப் போனாலும், ஏற்கனவே இருக்கிற எண்ணுக்கு ஒரு ஓ.டி.பி. போகும். அதைச் சரியாக அடித்தால்தான் எண் மாறும். மூன்று முறை தப்பாக அடித்தால் ஒரு வருஷத்துக்குப் பூட்டு. இதையும் வெப்சைட்தான் எழுதினான். நன்றாகவே எழுதினான், அதுதான் வினையாயிற்று.

ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்க நிஜமாகவே ஒலிக்கிற ஒரு நம்பர் தேவைப்பட்டது. கட்டத்தைக் காலியாக விட்டால் பக்கம் நகரவில்லை. வாரியத்தில் கேட்டான். புகார் எண் எதுவாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டிருக்கிறோம், அது வரட்டும் என்றார்கள். அவனுடைய சொந்த நம்பர் நிர்வாகக் கணக்கில் ஏறியிருந்தது, ஒரே நம்பரை இரண்டு இடத்தில் மென்பொருள் ஏற்காது. தற்காலிகம்தானே என்று மனைவியின் நம்பரை அடித்து, பழைய எண் இல்லாததால் அவளுக்கே போன ஓ.டி.பி.யைக் கேட்டு வாங்கிப் போட்டான். யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவள் எதற்கு என்றுகூடக் கேட்காமல் சொன்னாள். இந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும், தற்காலிகம் என்று வைத்தது எதுவும் போனதாகச் சரித்திரமே இல்லை.

இணையதளம் எல்லாப் படிகளும் ஏறியது. முகப்பில் இருந்த தண்ணீர்ச் சொட்டு கீழே விழுகிற மாதிரி இருக்கிறது, வாரியமே கீழே போவதாக மக்கள் நினைப்பார்கள், மேலே போகிற மாதிரி திருப்புங்கள் என்றார் ஒருவர். திருப்பினான். நீலம் கொஞ்சம் தண்ணியாக இருக்கிறது என்றார் இன்னொருவர். போன் நம்பரை யாரும் பார்க்கவில்லை, வெப்சைட் உட்பட. தளம் வெளியான மறுநாளே, ஒப்பந்த ஆட்கள் யாருக்கும் நிர்வாக அனுமதி இருக்கக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. அந்த அனுமதிகளை நீக்கத் தெரிந்த ஒரே ஆள் அவன் என்பதால் அவனை வைத்தே அவனை நீக்கினார்கள். பொத்தானை அழுத்தியதும், தான் கட்டிய தளத்தில் அவன் வெறும் பார்வையாளன் ஆனான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

அவன் மனைவி நர்ஸ். ஆஸ்பத்திரியை விட்டு வந்து, வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்கு ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, சர்க்கரை பார்ப்பது என்று தனியாகச் செய்துகொண்டிருந்தாள். ஊசியம்மா என்றால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்குக் கடை இல்லை, போர்டு இல்லை, இருந்தது அந்த ஒரு நம்பர்தான். தளம் வெளியான வாரத்திலிருந்து அந்த நம்பருக்கு ஊரின் தண்ணீர்க் கஷ்டமெல்லாம் வர ஆரம்பித்தது.

முதலில் தப்பான நம்பர் என்று சொல்லிப் பார்த்தாள். வெப்சைட்டில் போட்டிருக்கே என்று சண்டைக்கு வந்தார்கள். பிறகு பாவமாக இருந்தது. நோயாளியைக் கேட்கிற மாதிரியே கேட்க ஆரம்பித்துவிட்டாள். எப்போதிலிருந்து வரவில்லை, கலங்கலாக வருகிறதா, நாற்றம் இருக்கிறதா, முன்னால் இப்படி ஆகியிருக்கிறதா. ஒரு சொட்டுத் தண்ணீர் அவளால் கொண்டுவர முடியவில்லை. ஆனாலும் பேசியவர்களுக்கு ஏதோ ஆறுதல். தளத்தில் இருந்த திருப்தி நட்சத்திரங்களை அள்ளிப் போட்டார்கள்.

ஒரு சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழையும்போது போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, தண்ணி வராதவங்க திட்டினா கூட வாங்கிக்குவேன். ஆனா என் பேஷன்ட் யாருக்கும் லைனே கிடைக்க மாட்டேங்குது. எல்லாம் எண்பது வயசு. ஒரு தரம் போடுவாங்க, ரெண்டு தரம் போடுவாங்க, அப்புறம் அப்படியே படுத்துடுவாங்க."

வேறு நம்பர் வாங்கிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டான்.

"அவங்களுக்குப் பேரப்புள்ளைங்க பேரே மறந்துபோச்சு. என் நம்பர் ஒண்ணுதான் மனப்பாடம். நீங்க போட்டதுதானே, நீங்களே எடுங்க."

எடுத்துவிடுகிறேன், இரண்டு நிமிஷ வேலை என்றான். வேலை என்னவோ இரண்டு நிமிஷம்தான்.

மறுநாளே மாற்ற விண்ணப்பம் போட்டான். காரணம் என்ற கட்டத்தில் 'தவறு' என்று எழுதினான். இத்தனை பேர் ஒப்புதல் அளித்த ஒன்று தவறாக இருக்க வாய்ப்பில்லை என்று திரும்பி வந்தது. 'மேம்பாடு' என்று மாற்றிப் போட்டான். தளம் ஏற்கனவே மேம்பட்ட நிலையில் உள்ளது என்று திரும்பி வந்தது. நிர்வாக அதிகாரியிடம் நேரில் போய் உண்மையைச் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்கள் வீட்டம்மாவைப் போனை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்களேன் என்றார். எடுக்காவிட்டால் நம்பரை மாற்றிவிடுவீர்களா என்று ஆசையோடு கேட்டான். எதற்கு மாற்ற வேண்டும், அப்போது அது வாரியத்தின் மற்ற எண்களுக்கு ஈடாக இயங்குகிறது என்றல்லவா ஆகும் என்றார். கல்லில் நார் உரிக்கலாம், இவரிடம் பேச முடியாது என்று இயக்குநரைப் பார்க்கப் போனான்.

இயக்குநரின் அறையில் மூன்று போன்கள் இருந்தன. அவன் நின்றுகொண்டிருக்கும்போதே ஒன்று அடித்து ஓய்ந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உக்காருங்க தம்பி. நம்ம வாரியத்துல மாடிக்கு மாடி போன் இருக்கு. எதையாவது யாராவது எடுத்து நீங்க பாத்திருக்கீங்களா? நானே எடுக்கறதில்ல. எடுத்தா தண்ணி வரலம்பாங்க. வரலைன்னா நான் என்ன பண்ண முடியும்? இந்த ஒரு நம்பர்லதான் ஒரு ஆள் எடுக்குது, அன்பா பேசுது. அதைப் போய் மாத்தச் சொல்றீங்களே."

"சார், அது என் மனைவி."

"ரொம்ப சந்தோஷம். நான் விசாரிச்சதாச் சொல்லுங்க."

அந்த மாதமே வாரியத்துக்கு மேலிடத்திலிருந்து சிறந்த சேவைக்கான கேடயம் வந்தது. கூட்ட அரங்கில் இயக்குநர் அதைத் தூக்கிக் காட்டிப் பேசினார். "தண்ணீர் கொடுப்பதை எந்த வாரியமும் செய்துவிடும். தண்ணீர் இல்லை என்பதை இவ்வளவு கனிவாகச் சொல்கிற வாரியம் நம்முடையது ஒன்றுதான்" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வெப்சைட்டும் தட்டினான். பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களே.

அதற்கடுத்த வாரம் கோர்ட்டுத் தாத்தா விழுந்தார். கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊசியம்மாவின் முதல் நோயாளி. காலையில் சர்க்கரை இறங்கி உடம்பு வியர்த்தபோது அவளுக்குத்தான் போன் போட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒருவர் தன் தெருக் குழாயின் முழு வரலாற்றையும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட எழுந்தவர் கதவோரம் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அவர் மகள் வந்து, இனிமேல் வேறு நர்ஸ் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மனைவி அன்று சாப்பிடவில்லை, அவனைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. ஒரு நல்ல மனுஷியின் பிழைப்பில் தன் கையாலேயே மண்ணைப் போட்டுவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

பட்ட காலிலே படும் என்பதற்கேற்ப அவளுடைய இன்னொரு நோயாளி, ஓய்வு பெற்ற டீச்சரம்மா, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன எவனுக்கோ போனில் வந்த ஓ.டி.பி. கோட் நம்பரைச் சொல்லிச் சேமிப்பு முழுவதையும் பறிகொடுத்தார். அன்றிலிருந்து மனைவி ஊசியோடு சேர்த்து ஒரு புத்திமதியும் எல்லாருக்கும் போட்டு வந்தாள். கோட் நம்பரை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், நானே கேட்டாலும் சொல்லாதீர்கள்.

இப்படி இருக்கையில் வாரியத்துக்குத் தணிக்கை வந்தது. கேடயம் வாங்கின எண்ணாயிற்றே என்று தணிக்கையாளர் தானே கூப்பிட்டுப் பார்த்தார். இருமிக்கொண்டே ஹலோ என்றிருக்கிறார். நோயாளி என்று நினைத்த ஊசியம்மா, நாளைக் காலையில் எதுவும் சாப்பிடாமல் இருங்கள், வந்து ரத்தம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். தணிக்கையாளர் மிரண்டு போனார். வாரியத்தின் புகார் எண்ணை ஒரு பெண்மணி தன் சொந்த மருத்துவத் தொழிலுக்குப் பயன்படுத்தி வருகிறார் என்று எழுதினார். வாரியச் சொத்தைத் தனிப்பட்ட லாபத்துக்குப் பயன்படுத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டு ஊசியம்மாவுக்கு நோட்டீஸ் தயாராயிற்று. விளக்கம் ஏற்கப்படும் வரை போனை அணைத்து வைக்கக் கூடாது என்று அடியில் ஒரு வரி. தபால் செலவு எதற்கு என்று அதை வெப்சைட்டின் கையிலேயே கொடுத்தார்கள்.

நோட்டீஸைப் படித்த வெப்சைட்டுக்கு, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. நேரே நிர்வாக அதிகாரியிடம் ஓடினான். சார், வாரியத்தின் எண்ணை அந்தப் பெண்மணியிடமிருந்து காப்பாற்ற ஒரே வழிதான், உடனே வேறு எண்ணுக்கு மாற்றிவிட வேண்டும் என்றான். அந்தப் பெண்மணி என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது. அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டார். விண்ணப்பத்தில் காரணம் 'அத்துமீறல்' என்று போட்டார்கள். மாதக்கணக்கில் அசையாத பொத்தான்களெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குள் அழுந்தின. தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் போன்தான் புதிய எண் என்று முடிவாயிற்று. அதை யாரும் எடுப்பதில்லை, ஆகவே அத்துமீறலுக்கும் வழியில்லை.

இயக்குநர் தன் கையாலேயே எண்ணை மாற்றுவதாகச் சொன்னார். கூட்ட அரங்கில் பெரிய திரை போட்டு, பிஸ்கட் வைத்து, எல்லாப் படிகளின் அதிகாரிகளையும் உட்காரவைத்தார்கள். இயக்குநர் அழுத்தினார். பழைய எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பப்பட்டுள்ளது என்று திரையில் வந்தது.

எல்லாரும் வெப்சைட்டைப் பார்த்தார்கள். வெப்சைட் மனைவிக்குப் போன் போட்டான். லைன் பிசி. மறுபடி போட்டான். அப்போதும் பிசி. எந்தத் தெருவோ, எந்தக் குழாயோ. ஓ.டி.பி.க்கான நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஏதாவது போட்டுப் பார்க்கலாமே என்று பாதுகாப்பு அதிகாரி எல்லாம் பூஜ்யமாக அடித்தார். தவறு என்று வந்தது. தன் ராசி எண் கைவிட்டதே இல்லை என்று நிர்வாக அதிகாரி அதைத் திருப்பித் திருப்பி அடித்து ஆறு இலக்கமாக்கினார். அதுவும் கைவிட்டது. இன்னும் ஒரே வாய்ப்பு. போதும், யாரும் தொடாதீர்கள் என்று இயக்குநர் தன் போனை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வாரியத்தின் புகார் எண்ணுக்கு வாழ்க்கையில் முதல் முறையாகப் போன் செய்தார். அவருக்கு உடனே கிடைத்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம்மா, நான் குடிநீர் வாரிய இயக்குநர் பேசறேன்."

"சொல்லுங்க சார், எந்தத் தெரு?"

"தெரு இல்லம்மா. உங்க போனுக்கு இப்ப ஒரு கோட் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

வெப்சைட் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"ஏன்யா, வயசானவங்க காசைப் பிடுங்கித் திங்கறியே, வெட்கமா இல்ல? இயக்குநராம். பொய் சொல்றதுக்கும் ஒரு பொருத்தம் வேணாமா? குடிநீர் வாரியத்துல எவனாவது தானா போன் பண்ணுவானா?"

நான்தான்மா பேசறேன், சொல்லிடு என்று வெப்சைட் பாய்ந்து வந்து கத்துவதற்குள் லைன் அறுந்துவிட்டது. மறுபடி போட்டால் அவள் எடுக்கவில்லை, அந்த நம்பரைத் தடுத்து வைத்துவிட்டாள். அவன் போனிலிருந்து போட்டால் பிசி. நேரம் முடிகிற கணத்தில், முகம் சிவந்திருந்த இயக்குநர் வாயில் வந்த எதையோ அடித்தார். ஒரு வருஷத்துக்குப் பூட்டப்பட்டது என்று திரையில் அழகான எழுத்தில் வந்தது. அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்ததும் வெப்சைட்தான்.

பிறகு பாதுகாப்பு அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, இயக்குநரே முயன்றும் எண்ணை மாற்ற முடியவில்லை என்றால் நம் பாதுகாப்பு எவ்வளவு பலமாக இருக்கிறது என்று பாருங்கள் என்றார். அது அப்படியே கூட்டக் குறிப்பில் ஏறியது. அவருக்குப் பாராட்டு என்றும் ஏறியது. பிஸ்கட்டைத் தின்றுவிட்டுக் கலைந்தார்கள்.

வெப்சைட் வீட்டுக்கு நடந்தே போனான். பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோமே என்றிருந்தது. என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

மனைவி வாசலிலேயே காத்திருந்தாள். முகத்தில் அத்தனை தெளிவு. கோர்ட்டுத் தாத்தா விழுந்த பிறகு அவள் இப்படிச் சிரித்து அவன் பார்க்கவில்லை.

"இன்னிக்கு ஒரு திருட்டுப்பய போன் பண்ணான்ங்க. உங்க இயக்குநர் பேசறேன்னு சொல்லிக் கோட் கேக்கறான். டீச்சரம்மாவை ஏமாத்தினவன் மாதிரியே அதே குழைவு, அதே பேச்சு. விட்டேனா பாருங்க. நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டேன். டீச்சரம்மாவுக்கும் போன் பண்ணிச் சொன்னேன், அவங்களுக்கு அவ்ளோ சந்தோஷம்."

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். நான் கேட்டது சரிதானே என்றாள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். இன்னும் ஒரு வருஷம் என்று சொல்ல வேண்டும். அவளுடைய இந்தச் சிரிப்பு அடங்குவதையும் நின்று பார்க்க வேண்டும். அதற்கு இன்று அவனிடம் தெம்பு இல்லை.

"சரியாத்தான் கேட்டே" என்றான். "இதை யாராவது என்னைக்கோ கேட்டிருக்கணும்."

போன் அடித்தது. அவள் கை நீட்டுவதற்குள் அவனே எடுத்தான். நீ போய்ச் சாப்பிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளுக்குச் சைகை காட்டிவிட்டு, தளத்தில் தானே எழுதி வைத்த வரவேற்பு வாசகத்தை ஒப்பித்தான்.

"வணக்கம், குடிநீர் வாரியம். உங்கள் புகாரைத் தெரிவிக்கலாம்."

அந்தப் பக்கம் ஒரு வயதான பெண்மணியின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, தயங்கித் தயங்கி, "ஊசியம்மான்னு நெனச்சேன்ப்பா. தப்பா போட்டுட்டேன் போல. வச்சிடறேன்" என்றார்.

"வைக்காதீங்க" என்றான். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டான். "சரியான நம்பர்தான். நாங்கதான் தப்பு. இதோ, ஊசியம்மா வர்றாங்க."